பிஏ சோசியாலஜி சேரணுமா? வட சென்னைப் பசங்களுக்கு அப்ளிகேஷன்ல இருந்து வேலை வரைக்கும்

பிளஸ் டூ முடிச்சுட்டு சோசியாலஜி எடுக்கலாமானு யோசிக்கிற தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி, எண்ணூர் பக்கத்துப் பசங்களுக்காக எழுதுறேன். நான் சேரும்போது எங்க தெருவுல இந்தப் பாடம் படிச்சவங்க யாருமே இல்ல, கேக்கறதுக்கு ஆள் இல்லாம ஒவ்வொரு கவுண்டர் வாசல்லயும் நின்னு நின்னுதான் ஒவ்வொண்ணா தெரிஞ்சுக்கிட்டேன், அந்த அலைச்சல் உங்களுக்கு வேணாம். எந்தப் பேப்பர், எவ்ளோ காசு, எந்த மாசம், எங்க ஏமாறுவோம், இதைத்தான் சொல்லப் போறேன்.

1. வீட்ல கேட்டா சொல்றதுக்கு

"இது படிச்சா என்ன வேலை?"னு அம்மா கேப்பாங்க, பக்கத்து வீட்டு அக்கா கேப்பாங்க, இ-சேவைல டைப் பண்ற அண்ணன் கூட கேப்பாரு. நேரா சொல்லிடுங்க: பிஏ சோசியாலஜி மட்டும் முடிச்சா தானா ஒரு வேலை வந்து கதவத் தட்டாது, அது கூட இன்னொண்ணு சேரணும். எம்எஸ்டபிள்யூவோ (சோசியல் வொர்க் முதுகலை), எம்ஏ பிளஸ் நெட்டோ (காலேஜ் வாத்தியாருக்கான தேசியத் தகுதித் தேர்வு), டிஎன்பிஎஸ்சியோ, இல்ல சர்வே டேட்டா வேலையோ, எதைச் சேக்கறதுனு ரெண்டாவது வருஷத்துக்குள்ள முடிவு பண்ணிட்டா இது நல்ல படிப்பு. முடிவு பண்ணாம மூணு வருஷம் ஓட்டினா கஷ்டம்தான்.

நிறைய பேரு சோசியாலஜியும் சோசியல் வொர்க்கும் ஒண்ணுனு நெனச்சு அப்ளிகேஷன் போடுறாங்க. சோசியல் வொர்க் தொழில் படிப்பு, ஆஸ்பத்திரி, ஹோம், கம்யூனிட்டினு ஃபீல்டுல ட்ரெயினிங் இருக்கும். சோசியாலஜில ஜாதி, குடும்பம், வேலை, நகரம், மதம் இதெல்லாம் எப்படி ஓடுதுனு படிப்பீங்க, மார்க்ஸ், வெபர், டர்க்ஹைம்னு வெளிநாட்டு சிந்தனையாளர்கள்ல ஆரம்பிச்சு நம்ம ஊர் பக்கம் வந்தா எம்.என். ஸ்ரீநிவாஸ், தஞ்சாவூர் கிராமத்துல தங்கி ஆராய்ச்சி பண்ண ஆந்த்ரே பெத்தேய் எல்லாம் வருவாங்க. ரிசர்ச் மெத்தட்ஸ்னு ஒரு பேப்பர் வரும், அதுல கொஞ்சம் ஸ்டாடிஸ்டிக்ஸும் உண்டு. கணக்குக்கு பயந்துதான் ஆர்ட்ஸுக்கு வந்தேன்னு சொல்றவங்க இதை இப்பவே தெரிஞ்சுக்கோங்க, ஏன்னா கடைசில சோறு போடுறது அந்த பேப்பர்தான்.

ஸ்டேட் போர்டுல இதைப் பாடமா பாத்திருக்க மாட்டோம். என்சிஇஆர்டி 11, 12 சோசியாலஜி புக்கு நாலு இருக்கு, பிடிஎஃப் இலவசம். லீவுல ஒண்ணாவது படிச்சுப் பாருங்க, போர் அடிச்சா வேற மேஜர் எடுத்துக்கலாம், அப்பவே தெரிஞ்சா நல்லதுதானே.

2. ரிசல்ட்டுக்கு முன்னாடியே பேப்பர் ரெடி பண்ணுங்க

இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். ரிசல்ட் வந்த அன்னைக்கு இ-சேவை வாசல்ல நிக்கிற கூட்டத்தைப் பாத்தா உங்களுக்கே புரியும். மார்ச்ல பரீட்சை முடிஞ்சதுமே ஆரம்பிச்சிடுங்க.

ஜாதிச் சான்று: பழைய அட்டை வெச்சிருக்கவங்க ஆன்லைன்ல டிஜிட்டல் கையெழுத்தோட வர்ற சர்டிஃபிகேட்டா மாத்திக்கோங்க. அட்டைய பாத்ததும் "ஆன்லைன் காப்பி கொண்டா"னு திருப்பி அனுப்புற எடம் நிறைய.

வருமானச் சான்று: ஸ்காலர்ஷிப்புக்கு இது இல்லாம ஒண்ணும் நடக்காது. ஜாதிச் சான்று மாதிரி நிரந்தரம் கிடையாது, ஒரு வருஷம்தான் செல்லும், அதனால ரொம்ப முன்னாடியே எடுத்து வெச்சுட்டு அது செத்துப் போற மாதிரி பண்ணிடாதீங்க.

ரெண்டுக்கும் இ-சேவைல ஒவ்வொண்ணுக்கு 60 ரூபா. பிரவுசிங் சென்டர்ல முன்னூறு நானூறு கேப்பாங்க, "ஆபீஸ்ல சொல்லி சீக்கிரம் வாங்கித் தர்றேன்"னு சொல்ற ஆளுக்கு அதுக்கு மேல போகும், ரெண்டும் தேவையில்ல. அப்ளிகேஷன் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு ஒவ்வொரு டேபிளா நகரும், எங்க நிக்குதுனு அப்ளிகேஷன் நம்பர் போட்டு நீங்களே பாக்கலாம். ஒரே எடத்துல அசையாம கிடந்தா சும்மா காத்திருக்காதீங்க, ஒரிஜினலோட அந்த ஆபீஸ்க்கு நேர்ல போய் நில்லுங்க. எனக்கு ஒரு ஆபீஸ்ல பைல் அப்படியே தூங்கிட்டிருந்துச்சு, நேர்ல போய் கேட்டப்பறம்தான் நகந்துச்சு.

நம்ம ஏரியாவுக்குனே ஒரு சிக்கல் இருக்கு. ஹவுசிங் போர்டு இடிச்சுக் கட்டுறாங்கனு வேற எடத்துல வாடகைக்கு இருப்போம், இல்ல பெரும்பாக்கம் பக்கம் வீடு கொடுத்து அனுப்பியிருப்பாங்க, ரேஷன் கார்டு ஒரு தாலுகா, ஆதார் இன்னொரு தாலுகா, நாம இருக்கறது மூணாவது எடம். இப்படி இருந்தா விஏஓ கண்டிப்பா திருப்பி அனுப்புவாரு. மொதல்ல ஆதார்லயும் ரேஷன் கார்டுலயும் அட்ரஸ ஒண்ணாக்கிட்டு அப்புறம் சர்டிஃபிகேட்டுக்கு போங்க.

பேரும் அப்படித்தான். மார்க் ஷீட்ல "எஸ்"னு இனிஷியல் முன்னாடி, ஆதார்ல அப்பா பேரு முழுசா பின்னாடி, பேங்க் பாஸ்புக்ல இனிஷியலே இல்ல, இப்படி இருந்தா ஸ்காலர்ஷிப் பணம் வராது. மார்க் ஷீட்ல இருக்கற மாதிரி மத்ததை மாத்துங்க, ஏன்னா மார்க் ஷீட்ட மாத்தறதுதான் எல்லாத்தையும் விட கஷ்டம்.

பேங்க் அக்கவுண்ட் உங்க பேர்ல, ஆதார் இணைச்சதா இருக்கணும். அக்கவுண்ட்ல ஆதார் நம்பர் கொடுத்தா மட்டும் பத்தாது, அரசுப் பணம் நேரா வர்றதுக்கு டிபிடி சீடிங் பண்ணிருக்கானு பேங்க்லயே கேளுங்க.

முதல் பட்டதாரி சான்றுக்கு ஓடாதீங்க, அந்த ஃபீஸ் சலுகை இன்ஜினியரிங் மாதிரி தொழிற்படிப்புக்குத்தான்.

3. எங்க அப்ளை பண்றது

ரெண்டு ரூட் இருக்கு, ரெண்டையும் ஒரே நேரத்துல போடணும்.

அரசு காலேஜ் எல்லாத்துக்கும் சேத்து ஒரே ஆன்லைன் போர்டல், டிஎன்காசானு சொல்லுவாங்க. மே மாசம் ரிசல்ட் வர்ற சமயத்துலயே திறந்துடுவாங்க. அப்ளிகேஷன் 48 ரூபா, ரெஜிஸ்ட்ரேஷன் 2 ரூபா, எஸ்சி எஸ்டினா அந்த 2 ரூபா மட்டும்தான். மேஜருக்கு ரேங்க் போடுறது நாலு முக்கியப் பாடத்துக்கு 400 மார்க்க வெச்சு, தமிழும் இங்கிலீஷும் அதுல சேராது. மொதல்ல ஸ்போர்ட்ஸ், மாற்றுத்திறனாளி மாதிரி ஸ்பெஷல் கோட்டா கவுன்சிலிங், அப்புறம் பொது. மெசேஜ் வரும்னு மட்டும் நம்பி உக்காராதீங்க, காலேஜ் வெப்சைட்டயும் நோட்டீஸ் போர்டையும் பாருங்க, கூப்பிட்ட அன்னைக்கு போகலனா அடுத்த ஆளுக்குப் போயிடும்.

எய்டட் (அரசு உதவி பெறும்), பிரைவேட் காலேஜ் இந்தப் போர்டல்ல வராது. ஒவ்வொரு காலேஜுக்கும் தனித்தனியா அப்ளிகேஷன், தனித்தனியா காசு. பல பேரு டிஎன்காசால போட்டாச்சுனு நிம்மதியா இருந்துடுவாங்க, அதுக்குள்ள எய்டட் காலேஜ் தேதி முடிஞ்சிடும்.

சோசியாலஜில இன்னொரு கஷ்டம், தமிழ், ஹிஸ்டரி, எகனாமிக்ஸ், பிகாம் கிடைக்கிற மாதிரி எல்லா காலேஜ்லயும் இது இருக்காது. காலேஜ் பேரப் பாத்து டிக் பண்ணாதீங்க, கோர்ஸ் லிஸ்ட்ல சோசியாலஜி இருக்கானு பாத்து டிக் பண்ணுங்க. சிட்டிக்குள்ள நுங்கம்பாக்கம் லயோலா, பொண்ணுங்களுக்கு கதீட்ரல் ரோடு ஸ்டெல்லா மேரிஸ், ரெண்டுலயும் பிஏ சோசியாலஜி இருக்கு. சோசியாலஜி கிடைக்கலனா ஹிஸ்டரியோ எகனாமிக்ஸோ எடுத்துட்டு எம்ஏல சோசியாலஜிக்கு மாறிக்கலாம், நிறைய எடத்துல எந்த டிகிரி இருந்தாலும் எடுத்துக்குவாங்க, அதனால அழுதுட்டு ஒரு வருஷம் வீட்ல உக்கார வேணாம்.

எய்டட் காலேஜ்ல ஒரு விஷயம் வாய் விட்டு கேக்கணும்: "இந்த சீட் எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா?" செல்ஃப் ஃபைனான்ஸ்னா அரசு உதவி இல்லாத சீட். ஒரே கேம்பஸ், ஒரே பில்டிங், ஆனா ஃபீஸ் பல மடங்கு வித்தியாசம் வரும்.

வேலைக்குப் போய்க்கிட்டே படிக்கணும்னா இக்னோ (சென்ட்ரல் கவர்ன்மெண்ட் திறந்தநிலைப் பல்கலை), தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலை ரெண்டுலயும் சோசியாலஜி இருக்கு. ஆனா பத்தாவது, பிளஸ் டூ, அப்புறம் டிகிரினு வரிசையா முடிச்சிருந்தாத்தான் தமிழ்நாடு அரசு வேலைக்கு செல்லும். பிளஸ் டூவ தாண்டி குதிச்சு டிகிரி வாங்கித் தர்றேன்னு சொல்ற சென்டர் பக்கமே போகாதீங்க.

4. சீட் கிடைச்ச அன்னைக்கு

ஒரிஜினல் டிசி, மார்க் ஷீட் கொடுக்கறதுக்கு முன்னாடி எல்லாத்துலயும் அஞ்சு செட் ஜெராக்ஸ், போன்ல தெளிவா ஸ்கேன். டிசி ஒரு காலேஜ்ல கொடுத்துட்டா அடுத்த காலேஜ் லிஸ்ட்ல பேர் வரும்போது திரும்ப வாங்கறதுக்குள்ள தாவு தீந்துடும். அதனால எதுக்காக வெயிட் பண்றீங்கனு முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க.

காசு: அரசு காலேஜ்ல வருஷத்துக்கு சில ஆயிரத்துல முடிஞ்சிடும். எய்டட்ல அதைவிடக் கொஞ்சம் கூட. செல்ஃப் ஃபைனான்ஸ்னா பத்தாயிரக் கணக்குல போகும். எங்க கட்டினாலும் ரசீது வாங்குங்க, ரசீதுல இல்லாத காசு கேட்டா எதுக்குனு கேளுங்க.

5. ஸ்காலர்ஷிப், மாசம் 1000 ரூபா

பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண், 2022 செப்டம்பர் 5 நம்ம பாரதி பெண்கள் கல்லூரிலதான் ஆரம்பிச்சு வெச்சாங்க. பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன், 2024ல இருந்து. ரெண்டுலயும் மாசம் 1000. ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளி, இல்ல அரசு உதவி பெறும் பள்ளில தமிழ் மீடியம் படிச்சிருக்கணும். கரெஸ்பாண்டன்ஸ்ல படிச்சா கிடையாது. காலேஜ்ல இந்தத் திட்டத்தைப் பாத்துக்கற நோடல் ஆபீசர் ஒருத்தர் இருப்பாரு, அவரைக் கண்டுபிடிச்சு ஸ்கூல் எமிஸ் நம்பரோட போய் பேரு சேருங்க. காலேஜே பாத்துக்கும்னு விட்டுட்டு அடுத்த வருஷம் அழறவங்க நிறைய.

எஸ்சி, எஸ்டினா போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப், வீட்டு வருமானம் வருஷம் 2.5 லட்சத்துக்குள்ள இருக்கணும். பிசி, எம்பிசிக்கு தனி ஸ்காலர்ஷிப். ஒவ்வொரு வருஷமும் ரினீவல் பண்ணணும், தானா வராது.

யாரும் சொல்லாத ஒண்ணு சொல்றேன். அப்பா ஆட்டோ ஓட்டுறாரு, கட்டட வேலை, அம்மா வீட்டு வேலை, இல்ல வீட்ல மீன்பிடித் தொழில்னா நலவாரிய கார்டு இருக்கானு பாருங்க. பிள்ளைங்க டிகிரி படிச்சா வாரியத்துல படிப்பு உதவி உண்டு. கார்டு உயிரோட இருக்கணும், ரினீவல் பண்ணாம பீரோல கிடந்தா உதவாது. காலேஜ்ல இருந்து போனஃபைடு (இங்க படிக்கிறீங்கனு காட்டுற சர்டிஃபிகேட்) வாங்கிட்டுப் போங்க.

6. போக்குவரத்து

அரசு காலேஜ்னா எம்டிசி இலவச பாஸ். பொண்ணுங்களுக்கு சாதாரணக் கட்டண பஸ்ல எப்பவுமே ஃப்ரீ. எண்ணூர், திருவொற்றியூர் பக்கம்னா எலக்ட்ரிக் ட்ரெய்ன் ஸ்டூடண்ட் சீசன்தான் சீப், காலேஜ்ல கன்செஷன் ஃபார்ம்ல கையெழுத்து வாங்கணும். கும்மிடிப்பூண்டி லைன் வண்டி பாதி சென்ட்ரல் போயிடும், பீச் போகாது, போர்டு பாத்து ஏறுங்க. சென்ட்ரல்ல இறங்கினா எதிர்ல பார்க் ஸ்டேஷன் போய் தாம்பரம் வண்டி பிடிச்சா நுங்கம்பாக்கம். மெட்ரோ விம்கோ நகர்ல இருந்தே வருது, வசதிதான், ஆனா தினமும் போய் வந்தா மாசக் கடைசில கையில ஒண்ணும் மிஞ்சாது.

7. மூணு வருஷத்துல என்ன பண்ணணும்

மொதல் வருஷம் இங்கிலீஷ். நல்ல புக்கு பெரும்பாலும் இங்கிலீஷ்லதான் இருக்கு, தமிழ் மீடியம் பசங்க ஆரம்பத்துல திணறுவோம், பரவால்ல. இக்னோவோட சோசியாலஜி பாடம் முழுக்க ஈஞான்கோஷ் வெப்சைட்ல இலவசமா கிடக்கு, வரி ரொம்ப சிம்பிளா இருக்கும், அதுல இருந்து ஆரம்பிங்க. வீட்ல உக்காந்து படிக்க எடம் இல்லனா எழும்பூர் கன்னிமாரா இருக்கு, கொளத்தூர் பக்கம்னா முதல்வர் படைப்பகம் இருக்கு.

அப்புறம் எக்செல். சும்மா ஜோக் இல்ல, கேள்வித்தாள் தயார் பண்ணி, நூறு வீட்ல கேட்டு, அதை ஷீட்ல ஏத்தி, டேபிள் போடத் தெரிஞ்ச பிஏ பையனுக்கும் தெரியாத எம்ஏ பையனுக்கும் வேலை கேட்டுப் போறப்ப யார எடுப்பாங்கனு உங்களுக்கே தெரியும். முடிஞ்சா எஸ்பிஎஸ்எஸ்னு ஸ்டாடிஸ்டிக்ஸ் சாஃப்ட்வேரும் கத்துக்கோங்க.

புராஜெக்ட் வரும்போது நெட்ல இருந்து காப்பி அடிச்சு "இளைஞர்கள் மீது சமூக ஊடகத்தின் தாக்கம்"னு இன்னொண்ணு எழுதாதீங்க, வாத்தியாருங்க பாத்துப் பாத்து அலுத்துப் போயிட்டாங்க. ஆராய்ச்சி பண்ண மத்தவங்க காசு செலவு பண்ணி வர்ற எடத்துல நாம பொறந்திருக்கோம். காசிமேடுல ஏலம் எடுத்து மீன் விக்கிற அம்மாங்க கடன் எங்க வாங்குறாங்க, மணலி கம்பெனில கான்ட்ராக்ட் ஆளு எப்படி வேலைக்குச் சேர்றாங்க, எண்ணூர் கழிமுகத்துல மீன் கம்மியானதும் எந்தெந்த வேலைக்கு மாறினாங்க, வியாசர்பாடில ஃபுட்பால் ஆடுற பசங்க படிப்பு என்ன ஆகுது, எதை எடுத்தாலும் உங்களுக்குக் கதவு திறக்கும், வெளியாளுக்குத் திறக்காது. ஒரே ஒரு விஷயம், தெரிஞ்சவங்கனு பேரு போட்டு எழுதிடாதீங்க, சம்மதம் கேட்டுட்டுப் பேசுங்க.

8. அப்புறம் வேலை

எம்எஸ்டபிள்யூ: சீக்கிரம் வேலை வேணும்னா இந்த ரூட்டு. எழும்பூர் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோசியல் வொர்க், லயோலா, ஸ்டெல்லா மேரிஸ், தாம்பரம் எம்சிசி (மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ்). கடைசி செமஸ்டர் நடக்கும்போதே அப்ளிகேஷன் வந்துடும், ரிசல்ட்டுக்காக காத்திருந்தா முடிஞ்சிடும். எச்ஆர் பக்கம் எடுத்தா கம்பெனி வேலை, பெரிய ஃபேக்டரில வெல்ஃபேர் ஆபீசர் வெச்சே ஆகணும்னு சட்டம் இருக்கு, மணலி, எண்ணூர் பக்கம் இருக்கறவங்களுக்கு இது வீட்டுக்குப் பக்கத்து வேலை. ஆனா அதுக்கு எந்த கோர்ஸ் செல்லும்னு ரூல்ஸ்ல லிஸ்ட் இருக்கு, சேர்றதுக்கு முன்னாடி காலேஜ்ல கேட்டுக்கோங்க.

எம்ஏ, நெட்: சேப்பாக்கத்துல மெட்ராஸ் யுனிவர்சிட்டி சோசியாலஜி டிபார்ட்மெண்ட் இருக்கு, பீச்ல பறக்கும் ரயில் ஏறினா சேப்பாக்கம் ஸ்டேஷன். வெளியூர் போகத் தயார்னா ஹைதராபாத், பாண்டிச்சேரி மாதிரி சென்ட்ரல் யுனிவர்சிட்டிக்கும் மும்பை டிஸ்ஸுக்கும் (டாடா சமூக அறிவியல் நிறுவனம்) சியூஇடி பிஜினு நுழைவுத் தேர்வு எழுதணும், அந்த அப்ளிகேஷன் மூணாவது வருஷத்துக்கு நடுவுலயே வந்துட்டுப் போயிடும், நம்ம ஆளுங்க ஏப்ரல்லதான் விசாரிப்பாங்க. காலேஜ் வாத்தியார் ஆகணும்னா எம்ஏல 55 சதவீதம், ஓபிசி, எஸ்சி, எஸ்டிக்கு 50, அப்புறம் நெட்டோ, மாநில அளவுத் தகுதித் தேர்வான செட்டோ. நெட் வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஃபீஸ் பொதுப்பிரிவுக்கு 1150, ஓபிசிக்கு 600, எஸ்சி எஸ்டிக்கு 325 இருந்துச்சு. நெட்ல மேல வந்து ஜேஆர்எஃப்ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைச்சா மாசம் 37,000, அதுக்கு மேல வீட்டு வாடகைப்படி. பிஎச்டி பண்ண வீட்ல ஒத்துக்கணும்னா இந்த நம்பரைச் சொல்லுங்க.

இதுல ஒரு பொறி: நம்ம பிசி, எம்பிசி சர்டிஃபிகேட் சென்ட்ரல் கவர்ன்மெண்ட்ல செல்லாது. ஓபிசி நான் கிரீமிலேயர்னு (ஓபிசில வசதியானவங்க கணக்குல வராதவங்க) சென்ட்ரல் ஃபார்மட்ல தனியா வாங்கணும், வருமானத்த வெச்சு கொடுக்கறதால புதுசா இருக்கணும்.

அரசுத் தேர்வு: டிஎன்பிஎஸ்சி ஒன் டைம் ரெஜிஸ்ட்ரேஷன் 150 ரூபா, 5 வருஷம் செல்லும். குரூப் 4க்கு பத்தாவது போதும், அதனால காலேஜ் படிக்கும்போதே எழுதிப் பழகுங்க. குரூப் 2, குரூப் 1க்கு எந்த டிகிரியும் ஓகே. யுபிஎஸ்சினா சோசியாலஜி ஆப்ஷனல் எடுக்கலாம், ரெண்டு பேப்பர், மொத்தம் 500 மார்க். நான் முதல்வன் திட்டத்துல ஒரு பரீட்சை வெச்சு ஆயிரம் பேருக்கு பிரிலிம்ஸ் படிக்க மாசம் 7,500 தர்றாங்க. கோச்சிங் சென்டர்ல லட்சக்கணக்குல கட்டறதுக்கு முன்னாடி இதை முயற்சி பண்ணுங்க.

ஃபீல்டு வேலை: ஐசிடிசி (அரசு எச்ஐவி பரிசோதனை மையம்) கவுன்சிலர், பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒன் ஸ்டாப் சென்டர்ல கேஸ் வொர்க்கர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, இதுலெல்லாம் தகுதில சோசியாலஜி பேரும் வரும், சிலதுக்கு எம்ஏ கேப்பாங்க. பெரும்பாலும் கான்ட்ராக்ட், தொகுப்பூதியம். விளம்பரம் பேப்பர்ல பெருசா வராது, சென்னை மாவட்ட வெப்சைட்ல ஒரு பிடிஎஃப்பா வந்துட்டு ரெண்டு வாரத்துல மூடிடுவாங்க, வாரத்துக்கு ஒரு தடவை போய்ப் பாருங்க. என்ஜிஓ, சர்வே கம்பெனிலயும் ஆள் எடுப்பாங்க, ஆரம்பத்துல சம்பளம் கம்மிதான், இருபதாயிரத்துக்குள்ளயே இருக்கும், வெயில்ல அலையணும், பெட்ரோல் காசு தனியா தருவாங்களானு சேரும்போதே பேசிடுங்க.

டீச்சர் ஆகலாம்னு நெனச்சு இதை எடுக்காதீங்க. பிஏ சோசியாலஜி மட்டும் வெச்சு இங்க பிஎட் கிடைக்காது, எம்ஏ வேணும், அப்படியே பிஎட் முடிச்சாலும் அரசுப் பள்ளில சோசியாலஜிக்குனு போஸ்ட் இல்ல. இதைத் தெரியாம சேந்தவங்க உண்டு, பாவம்.

9. காலேஜ விட்டு வெளிய வரும்போது

டிசி, கண்டக்ட், புரொவிஷனல், எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டும், கன்சாலிடேட்டட் மார்க் ஷீட்டும் வாங்கிட்டு வாங்க. கான்வகேஷனுக்கு தனியா அப்ளை பண்ணணும், புரொவிஷனல் இருக்கேனு விட்டுடாதீங்க.

தமிழ் மீடியத்துல படிச்சிருந்தா பிஎஸ்டிஎம் சர்டிஃபிகேட் வாங்குங்க. அரசு வேலைல 20 சதவீதம் தமிழ்வழில படிச்சவங்களுக்குத் தனி ஒதுக்கீடு, ஆனா ஒண்ணாவதுல இருந்து டிகிரி வரைக்கும் எல்லாமே தமிழ்வழியா இருக்கணும், ஒவ்வொரு ஸ்கூல்லயும் எச்எம்கிட்ட தனியா எழுதி வாங்கணும். நீங்க ஒண்ணாவது படிச்ச கார்ப்பரேஷன் ஸ்கூல வேற ஸ்கூலோட இணைச்சிருப்பாங்க, ரெஜிஸ்டர் எங்க இருக்குனு தேடவே நாள் ஆகும், ஸ்கூல் லீவுல போனா ஆளே இருக்க மாட்டாங்க. அதனால மூணாவது வருஷ ஆரம்பத்துலயே தொடங்கிடுங்க.

வேலைவாய்ப்பு அலுவலகத்துல டிகிரிய ஆன்லைன்ல பதிஞ்சிடுங்க, காசு கிடையாது. பதிஞ்சு 5 வருஷம் ஆகியும் வேலை இல்லாம, வீட்டு வருமானமும் கம்மியா இருந்தா பட்டதாரிக்கு மாசம் 600 உதவித்தொகை உண்டு. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ரினீவல் பண்ணணும், விட்டா சீனியாரிட்டி போயிடும், அதனால பதியற அன்னைக்கே போன்ல ரிமைண்டர் போட்டுடுங்க.